பக்கக் கயிறுகள்

பாளையங்கோட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பா,

இதைப் போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். பக்கத்தில் குக்கர் விசில் அடிக்கும், உன் மாமனார் கூப்பிடுவார், சின்னவள் சார்ஜரைக் காணோம் என்று வந்து நிற்பாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். காகிதம் என்றால் பாதி படித்து மடித்து வைத்துவிட்டு அடுத்த நாள் எடுத்துக்கொள்ளலாம். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் மன்னித்துக்கொள். ரிட்டையர் ஆனபிறகு பேனா பிடிப்பதே குறைந்துபோய்விட்டது.

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பயிற்சி வகுப்பு என்று உங்களையெல்லாம் நாள் முழுக்க உட்காரவைத்து, கயிற்றில் நடக்கிற ஒரு ஆளின் படத்தைத் திரையில் போட்டு, ஒரு பக்கம் வேலை, ஒரு பக்கம் வீடு, பேலன்ஸ் என்பது முழுக்க மனசில் இருக்கிற விஷயம் என்று சொன்னார்களாம். கார்ல் வாலெண்டா கதையும் வந்ததாம்: விழுந்துவிடுவோம் என்று நினைத்தார், விழுந்தார். நீயும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நோட்டில் குறித்துக்கொண்டு வந்திருக்கிறாய். ராத்திரி பதினொரு மணிக்கு மாமாவுக்கு டயப்பர் மாற்றிப் படுக்கவைத்துவிட்டு, "கயித்து மேல நடக்கிற மாதிரிதாங்க்கா இருக்கு, எனக்குத்தான் பேலன்ஸ் பத்தல போல" என்கிறாய். அந்தக் கடைசி நாலு வார்த்தைக்குத்தான் இந்தக் கடிதம்.

காலமெல்லாம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்தவள் நான். கயிற்றில் நடப்பதைப் பற்றி ஒருவர் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போனால் சும்மா இருக்க முடியுமா? உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க எனக்குக் கோபம்தான் ஏறியது.

வாலெண்டா கதையையே எடுத்துக்கொள்வோம். 1905இல் ஜெர்மனியில் மாக்டபர்க் நகரில் சர்க்கஸ் குடும்பத்தில் பிறந்தவர். கம்பியின் மேல் ஏழு பேர் மூன்று அடுக்காக நின்று நடந்துபோகிற கோபுரத்தைக் குடும்பத்தோடு செய்துகாட்டினார், அதுவும் அடியில் வலை கட்டாமல். 1962இல் டெட்ராய்ட்டில் அந்தக் கோபுரம் சரிந்தது. இரண்டு பேர் செத்தார்கள், அவர் மகன் மாரியோவுக்கு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனது. அதற்குப் பிறகும் வாலெண்டா நடப்பதை விடவில்லை. கடைசியாக நடந்தது 1978 மார்ச் 22, போர்ட்டோ ரீக்கோவில் சான் ஹுவான் நகரத்தில். ஒரு ஹோட்டலின் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே பத்து மாடி உயரத்தில் கம்பி. கடற்கரை, நல்ல காற்று. அவருக்கு 73 வயது. பாதி வழியில் தள்ளாடினார், குனிந்து கம்பியைப் பிடிக்கப் பார்த்தார், பிடி நிற்கவில்லை. கேமராவில் பதிவாகியிருக்கிறது. நான் பார்த்துவிட்டேன், நீ பார்க்காதே.

இனி அந்தக் கதை பயிற்சி வகுப்புக்கு வந்த விதத்தைக் கேள். 1985இல் வாரன் பென்னிஸ், பர்ட் நானஸ் என்று இரண்டு பேர் தலைமைப் பண்பு பற்றி 'லீடர்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். வாலெண்டாவின் மனைவி சொன்னதை அதில் சேர்த்தார்கள். சாவதற்கு முந்தைய மூன்று மாதமும் அவர் விழுவதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார், நடப்பதில் போகவேண்டிய கவனமெல்லாம் விழாமல் இருப்பதில் போய்விட்டது என்பது அந்த அம்மாள் சொன்னதின் சாரம். இதற்கு 'வாலெண்டா ஃபேக்டர்' என்று ஒரு பெயரும் வைத்தாயிற்று. உலகம் பூராவும் ஆபீஸ் ஆபீஸாக அது சுற்றிவந்து, கடைசியில் உன் நோட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

அந்தக் கதையிலேயே இன்னொரு செய்தி இருக்கிறது, வகுப்பில் அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தத் தடவை வாலெண்டா கம்பி கட்டுகிற இடத்தில் தானே போய் நின்றாராம். பக்கக் கம்பிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று சரிபார்த்தாராம். முன்னே எப்போதும் அப்படிச் செய்ததில்லையாம். இதையும் அவர் பயந்துவிட்டதற்கு ஒரு அடையாளமாகத்தான் அந்தப் புத்தகம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அவர் குடும்பத்தார் சொன்ன காரணம் வேறு: பக்கக் கம்பிகளில் சில சரியாகக் கட்டப்படவில்லை. பாப்பா, கொஞ்சம் யோசித்துப் பார். கட்டு சரியில்லையோ என்று ஒரு வயசான மனுஷர் சந்தேகப்பட்டார். கட்டு நிஜமாகவே சரியில்லை. அவர் விழுந்தபிறகு, சந்தேகப்பட்டதால்தான் விழுந்தார் என்று எழுதிவிட்டார்கள். கட்டினவன் தப்பித்தான், நடந்தவன் தலையில் பழி. எனக்கு வந்த கோபம் இதற்குத்தான்.

பக்கக் கம்பி என்றால் என்ன என்று கேட்பாய். நீளமாகக் கட்டின எந்தக் கயிறும் காலை வைத்ததும் பக்கவாட்டில் ஊஞ்சலாடும், முறுக்கிக்கொள்ளும். அது ஆடாமல் இருக்க, நடைக்கயிற்றின் நடுநடுவே வேறு கயிறுகளைக் கட்டி இரண்டு பக்கமும் கீழ்நோக்கி இழுத்துப் பிணைப்பார்கள். தூரத்திலிருந்து எடுத்த படத்தில் அதெல்லாம் தெரியாது. ஒற்றைக் கோடு, அதன்மேல் ஒரு ஆள், அவ்வளவுதான் தெரியும். உன் ஆபீஸ் திரையில் தெரிந்ததும் அந்தப் படம்தான்.

நம் தெருமுனை மைதானத்துக்குக் கழைக்கூத்தாடிகள் வந்தது உனக்கு ஞாபகம் இருக்காது, நீ அப்போது இடுப்புக் குழந்தை. இரண்டு இரண்டு மூங்கிலைப் பெருக்கல் குறி மாதிரி சேர்த்துக் கட்டி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று நிறுத்தி, அந்தக் கவட்டையில் கயிற்றைப் போட்டு, இரண்டு நுனியையும் தரையில் அடித்த இரும்பு முளையில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். எட்டு வயசுப் பெண் ஒருத்தி தலையில் அடுக்குச் செம்போடு, கையில் ஒரு மூங்கில் கழியோடு நடந்தாள். அம்மாக்காரி உட்கார்ந்து மேளம் தட்டினாள். அப்பன்காரன் பிள்ளையை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை, கவனம் பூராவும் முளையில் இருந்தது. மண் கொஞ்சம் இளகினால் சம்மட்டியால் ஒரு போடு, மறுபடி கயிற்றைத் தொட்டுப் பார்ப்பது, மறுபடி ஒரு போடு. நாங்களெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பிள்ளையைப் பார்த்துக் கைதட்டினோம். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. தட்டில் காசு போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

அன்றைக்கு ராத்திரி அப்பா சொன்னார், குறுந்தொகையில் ஏழாவது பாட்டைப் பார், இதே காட்சி இருக்கிறது என்று. பெரும்பதுமனார் பாடினது. ஒரு பையனும் பெண்ணும் வீட்டை விட்டுக் கிளம்பி மூங்கில் அடர்ந்த காட்டுவழியில் போகிறார்கள். எதிரே வருகிறவர்கள் பார்த்து, ஐயோ பாவம், யாரோ என்று இரங்குகிறார்கள். அந்த வழியில் காற்றடித்து வாகை மரத்தின் காய்ந்த நெற்றுகள் கலகலக்கிற சத்தம், ஆரியர் கயிற்றில் ஏறி ஆடும்போது கொட்டுகிற பறைச் சத்தம் மாதிரி இருக்கிறதாம். எனக்கு இப்போது அதில் ஒன்று பிடித்திருக்கிறது. கயிற்றில் ஆடுகிறவன் எப்படி ஆடினான் என்று புலவர் ஒரு சொல் சொல்லவில்லை. கீழே நின்று கொட்டுகிறவனின் சத்தத்தைத்தான் பாட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார். "ஆரியக் கூத்தாடினாலும் காரியத்தில் கண்ணாயிரு" என்று அத்தை சொல்வாளே, அந்தக் கூத்தும் இந்தக் கழைக்கூத்துதான் என்பார்கள்.

கொரியாவில் இந்தக் கலைக்கு ஜுல்தாகி என்று பெயர். 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே கயிற்றில் நடக்கிறவர் கையில் ஒரு விசிறியோடு பாடுவார், ஆடுவார், நையாண்டி பேசுவார். கீழே ஒரு கோமாளி நின்று பதிலுக்குப் பதில் பேசிக்கொண்டே இருப்பார், பக்கத்தில் வாத்தியக்காரர்கள். மேலே இருக்கிறவர் தனியாகவே இருப்பதில்லை. நம்மூர் நாகஸ்வரமும் ஒத்தும் போல என்று வைத்துக்கொள்ளேன்.

சரி, கழிக்கு வருகிறேன். என் சப்ஜெக்ட் ஆயிற்றே, விட்டால் நிறுத்தமாட்டேன், பொறுத்துக்கொள். நீளமான கழி எதற்கு? ஒரு பென்சிலை விரல் நுனியில் செங்குத்தாக நிறுத்திப் பார், கண் மூடித் திறப்பதற்குள் விழுந்துவிடும். வீட்டு ஒட்டடைக் கம்பை, குச்சம் மேலே இருக்கும்படி உள்ளங்கையில் நிறுத்திப் பார், கொஞ்சநேரம் நிற்கும். அது விழாமல் இருப்பதில்லை, மெதுவாக விழுகிறது. அதற்குள் நீ கையை நகர்த்திச் சரிசெய்துவிடுகிறாய். நிலைமத் திருப்புத்திறன் என்று பாடப்புத்தகத்தில் வருகிறதே, பெரியவனைக் கேள், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பான். கனமும் நீளமுமாக ஒரு கழியைக் கையில் வைத்துக்கொண்டால் அந்த எண் கூடும், உடம்பு சாய்கிற வேகம் குறையும். கழி ஆளை நிமிர்த்திவிடாது. நிமிர்ந்துகொள்ள நேரம் கொடுக்கும். சில கழிகளின் இரண்டு முனையும் கயிற்றுக்குக் கீழே வளைந்து தொங்கும். அப்போது புவியீர்ப்பு மையமும் தாழ்ந்து இன்னும் சௌகரியம்.

வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்: உடம்பு வலது பக்கம் சாய்ந்தால் நடக்கிறவர் கழியின் வலது முனையை இன்னும் கீழே தள்ளுவார். பார்க்கிறவனுக்கு, போச்சு, அந்தப் பக்கமே விழப்போகிறார் என்றிருக்கும். ஆனால் கழி வலது பக்கம் திரும்பத் திரும்ப, எதிர்விசையில் உடம்பு இடது பக்கம் வரும். நீ மாமாவுக்கு ஸ்கேன் எடுத்த வாரம் லீவு போட்டாய், "ஒரே பக்கமா சாய்றீங்க மேடம்" என்று மேலதிகாரி சொன்னார் என்று வருத்தப்பட்டாயே. சாய்ந்த பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தால்தான் நேராக வரமுடியும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கயிற்றின் மேல் ஆடாமல் அசையாமல் நிற்கிற நிமிஷம் என்று ஒன்று கிடையவே கிடையாது. சாய்வது, திருத்துவது, மறுபக்கம் சாய்வது, மறுபடி திருத்துவது, இதுதான் நடை. நீ ஆடிக்கொண்டே இருக்கிறாய் என்றால் நடந்துகொண்டிருக்கிறாய் என்று அர்த்தம்.

நியூயார்க்கில் 1974 ஆகஸ்ட் 7 அன்று பிலிப் பெத்தி என்ற பிரெஞ்சுக்காரர் உலக வர்த்தக மைய இரட்டைக் கோபுரங்களுக்கு நடுவே கம்பி கட்டி நடந்தது உனக்குத் தெரியும், அந்த சினிமாவை நாம் சேர்ந்து பார்த்தோமே. 400 மீட்டருக்கு மேல் உயரம். 25 வயசு முடிய ஒரு வாரம் பாக்கி. முக்கால் மணி நேரம், எட்டுத் தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். நடுவில் மண்டியிட்டார், கம்பியின் மேல் படுத்தார். போலீஸ் பிடித்துக்கொண்டுபோய், சென்ட்ரல் பார்க்கில் குழந்தைகளுக்கு ஒரு இலவச ஆட்டம் ஆடினால் போதும் என்று வழக்கை விட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்தது இந்த முக்கால் மணி நேரம்.

அதற்கு முந்தின ராத்திரியைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். பெத்தியும் ஒரு நண்பரும் ஒரு கோபுரத்தில், ஜான்-லூயி புளோந்தோவும் இன்னொருவரும் எதிர்க் கோபுரத்தில். கம்பியைத் தூக்கி எறியமுடியுமா? ஏறக்குறைய 200 கிலோ. அதனால் ஜான்-லூயி வில்லில் அம்பு வைத்து, அம்பில் மீன்பிடி நரம்பைக் கட்டி எய்தார். அம்பு விழுந்த இடம் இருட்டில் தெரியவில்லை. பெத்தி சட்டை, கால்சட்டை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெற்றுடம்போடு தடவித் தேடினார், நரம்பு தோலில் பட்டால் தெரியும் என்று. கிடைத்தது. அந்த நரம்பில் கொஞ்சம் தடித்த கயிறு, அதில் இன்னும் தடித்தது, கடைசியில் எஃகுக் கம்பி. இழுக்கும்போது கம்பி பிடியை மீறி ஓடி இரண்டு கோபுரத்துக்கும் நடுவில் தொங்கிப்போய்விட்டது. விடிய விடிய அதைத் திரும்ப மேலே இழுத்தார்கள், பிறகு பக்கக் கம்பிகள். காலையில் பார்த்த ஜனங்களுக்கு ஒரே ஒரு ஆள்தான் தெரிந்தான்.

2008இல் வந்த 'மேன் ஆன் வயர்' என்ற ஆவணப்படத்தில் இவர்களெல்லாம் பேசுகிறார்கள். இத்தனை வருஷம் கழித்தும் ஜான்-லூயி பேச முடியாமல் அழுதுவிடுகிறார். அந்த நடைக்குப் பிறகு அந்தச் சிநேகிதம் பழையபடி இல்லை. எனக்குப் பெத்தியின் மேல் கொஞ்சம் வருத்தம்தான். மேதைதான், ஆனாலும்.

இந்த விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் பிளாண்டின். 1824இல் பிரான்சில் பிறந்தவர். 1859 ஜூன் 30 அன்று நயாகரா ஆற்றுப் பள்ளத்தாக்கைக் கயிற்றில் கடந்தார். கம்பி இல்லை, மணிலா நார்க்கயிறு, எட்டு சென்டிமீட்டர் பருமன், 340 மீட்டர் போல நீளம், தண்ணீருக்கு மேலே 50 மீட்டர். இரண்டு கரையிலிருந்தும் பக்கக் கயிறுகள் போட்டிருந்தார்கள், ஆனால் நட்டநடுவில் ஒரு பகுதிக்கு எந்தப் பக்கக் கயிறும் எட்டவில்லை. பெரிய கயிறு என்பதால் நடுவில் தொய்வு வேறு. போகும்போது இறக்கம், அப்புறம் ஏற்றம். இதற்குப் பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு, கைவண்டி தள்ளிக்கொண்டு, நடுவில் அடுப்பு வைத்து ஆம்லெட் போட்டுக்கொண்டு என்று தினுசு தினுசாக நடந்தார். 1876இல் மரியா ஸ்பெல்தெரினி என்ற பெண் அதே பள்ளத்தாக்கைக் கடந்தாள், ஒரு தடவை காலில் பீச் பழக் கூடைகளை மாட்டிக்கொண்டு. ஆணுக்கு ஆம்லெட், பெண்ணுக்குக் கால்கட்டு. சிரிப்பு வந்தது எனக்கு.

பிளாண்டின் செய்ததில் பெரியது, 1859 ஆகஸ்டில் தன் மேனேஜர் ஹாரி கோல்கார்டை முதுகில் சுமந்துகொண்டு கடந்தது. கோல்கார்டுக்குக் கயிறு என்றால் என்ன என்றே தெரியாது. பிளாண்டின் அவரிடம் சொன்னதன் கருத்து இது: நீ இனி தனி ஆள் இல்லை, என் உடம்பில் ஒரு பாகம். நான் ஆடினால் நீயும் என்னோடு ஆடு. நீயாக ஒருபோதும் பேலன்ஸ் செய்யப் பார்க்காதே, செய்தால் இரண்டு பேரும் போய்விடுவோம். நடுவழியில் மூச்சு வாங்கியபோதெல்லாம் கோல்கார்டை இறக்கிவிட்டார். அந்த மனுஷர் கயிற்றில் கால் வைத்து, முன்னால் நிற்கிறவரைப் பிடித்துக்கொண்டு நின்று, மறுபடி முதுகில் ஏறவேண்டும். நடுப்பகுதியைத் தாண்டி வந்ததும் பக்கக் கயிறு ஒன்று அறுந்துபோனதாம். விழுவார்கள் என்று பந்தயம் கட்டியவர்கள் அறுத்திருப்பார்கள் என்று பேச்சு. இதெல்லாம் கோல்கார்ட் பிற்பாடு சொன்னது. எப்படியோ கரை சேர்ந்தார்கள். பிளாண்டின் 1897இல் லண்டனில் படுக்கையில்தான் செத்தார், நம் வீட்டு வியாதியான சர்க்கரையில்.

இதைப் படித்ததும் எனக்கு உன் மாமனார் ஞாபகம் வந்தது. போன மாசம் பாத்ரூமில் விழுந்தாரே, எதற்கு? உன் தூக்கத்தைக் கெடுக்கவேண்டாம் என்று ராத்திரி இரண்டு மணிக்குத் தானே எழுந்து போகப் பார்த்தார். நல்ல எண்ணம்தான். மருமகளுக்கு உதவியாக இருப்போம் என்கிற எண்ணம். முதுகில் இருக்கிறவர் தானாக பேலன்ஸ் செய்கிற வேலை அது. இடுப்பு தப்பியது கடவுள் புண்ணியம். அவரிடம் நீ இதைச் சொல்லமுடியாது, சொன்னால் சலித்துக்கொள்கிறாள் என்று நினைப்பார். நான் சொல்லுகிறேன். "மாமா, நீங்க செய்யவேண்டிய உதவி ஒண்ணே ஒண்ணுதான், கூப்பிடுங்க, கூப்பிடாம எழுந்திரிக்காதீங்க" என்று எனக்குச் சொல்லத் தெரியும். சம்பந்தி வீட்டுப் பெரியவள் சொன்னால் அவர் கேட்டுக்கொள்வார்.

உன் நாத்தனாருக்கு வேறொரு கதை இருக்கிறது. ஆபிரகாம் லிங்கனிடம் உள்நாட்டுப் போர்க் காலத்தில் சிலர் வந்து அரசாங்கம் செய்கிற ஒவ்வொன்றையும் குறை சொன்னார்களாம். அவர் பிளாண்டினைக் காட்டிக் கேட்டார்: உங்கள் ஆஸ்தி அத்தனையையும் பொன்னாக்கி அந்த மனுஷர் கையில் கொடுத்து நயாகராவைக் கடக்கச் சொல்லியிருக்கிறீர்கள், கரையில் நின்று கயிற்றை உலுக்கி, குனி, நிமிர், இந்தப் பக்கம் சாய் என்று கத்துவீர்களா, இல்லை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்களா என்று. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு அப்பாவுக்கு உப்பைக் குறை, பிசியோவை மாற்று, ஆயுர்வேதம் பார் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவளுக்கு இதை நீ ஃபார்வர்ட் செய்யலாம். செய்யமாட்டாய், தெரியும். ஆனால் லிங்கன் சொன்னதிலும் எனக்குப் பாதிதான் சம்மதம். வாயை மூடிக்கொண்டு நிற்பதோடு கரையில் இருப்பவர்களின் கடமை தீர்ந்துவிடுமா? முளை இளகியிருக்கிறதா என்று ஒருத்தராவது போய்ப் பார்க்கவேண்டாமா? மாசம் பத்து நாள் அப்பாவைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று அவளிடம் மாப்பிள்ளை நேராகக் கேட்கட்டும். அவருடைய தங்கை, அவர்தான் கேட்கவேண்டும். நீ கேட்டால் சண்டை, அவர் கேட்டால் பேச்சுவார்த்தை.

பேஷண்டைப் பார்த்துக்கொள்ள ராத்திரிக்கு ஆள் வைக்கலாம் என்று நான் சொன்னதற்கு, ஊர் என்ன சொல்லும் என்றாய். வாலெண்டாவின் கொள்ளுப்பேரன் நிக் வாலெண்டா 2012 ஜூன் 15 அன்று நயாகரா அருவிக்கு நேர் மேலேயே நடந்தார். டி.வி. கம்பெனி கட்டாயப்படுத்தியதால் இடுப்பில் பாதுகாப்புப் பட்டை கட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் 550 மீட்டர் நடந்து கனடா கரையில் இறங்கி, அங்கே நின்ற அதிகாரியிடம் பாஸ்போர்ட்டைக் காட்டினார். பட்டை கட்டியதால் அவர் நடக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் என்ன?

ஆகவே இனி காரியத்தைப் பேசுவோம். மார்ச் உனக்குக் கணக்கு முடிப்பு, பெரியவனுக்குப் பரீட்சை. இரண்டும் ஒரே மாசத்தில் வரும் என்று தெரிந்தும் நான் இங்கே ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நன்றாக இல்லை. வியாழக்கிழமை ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் போட்டாயிற்று. ஏப்ரல் முதல் வாரம் வரை இருப்பேன். பகலில் மாமாவை நான் பார்த்துக்கொள்கிறேன். ராத்திரிக்கு ஆள் வைக்கிறோம், அந்தச் சம்பளத்தில் பாதி என்னுடையது, வாதாடாதே. பென்ஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன். பெரியவனுக்கு பிசிக்ஸ் ரிவிஷன் நான் எடுக்கிறேன், அந்த டியூஷனை நிறுத்தச் சொல். தலைமாட்டில் வைக்கிற மாதிரி ரிமோட் காலிங் பெல் இங்கே எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கிறது, வாங்கி வருகிறேன். பட்டனை மாமாவின் நல்ல கைப் பக்கம் கட்டிவிடலாம். இடது கைதானே நல்ல கை? போனில் சொல்.

உனக்கு மோர் மிளகாய் காயப்போட்டிருக்கிறேன். மாமாவுக்கு உப்பு ஆகாது, அவர் கண்ணில் படாமல் வைக்கவேண்டும். ஸ்டேஷனுக்கு யாரும் வரவேண்டாம், விடிகாலையில் ஆட்டோ கிடைக்கும். உங்கள் மாடிப்படியில் லைட் எரியவில்லை என்றாயே, அதை மட்டும் மாப்பிள்ளையிடம் சொல்லி நான் வருவதற்குள் மாற்றிவிடு. இரண்டு கையிலும் பை இருக்கும்.

அன்புடன்,
உன் அக்கா